கூனும் முதுகெலும்புக் காசநோயும்: சென்னை, கோவை ஆய்வுகள்

புறநானூற்றின் 28ஆம் பாடல் கூனை மக்கட்பிறப்பின் எண்வகைக் குறைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. ஆயின் கூன் அனைத்தும் பிறவியில் வருவதன்று. காசநோய்க் கிருமி முள்ளெலும்பின் முன்பகுதியை அரிக்க, முதுகு முன்னோக்கிச் சரிவதாலும் கூன் விழுகிறது. தண்டுவடம் நெருக்குண்டால் கால்கள் செயலிழக்கும். இவ்வளைவையும் கால்களின் தளர்ச்சியையும் இணைத்து இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் எழுதினார்.

1950களின் பிற்பகுதியில் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்புறமாக நுழைந்து, நோயுற்ற எலும்பை அகற்றி, ஒட்டெலும்பு வைக்கும் முறையை வளர்த்தனர். எல்லா நோயாளருக்கும் இது தேவையா? சென்னையில் 1970களில் தொடங்கிய ஆய்வு இவ்வினாவை எடுத்துக்கொண்டது. நடக்கவியலாத அளவு வாதமுற்றோர் அதில் சேர்க்கப்படவில்லை. ஏனையோருள் ஒருசாரார்க்கு அறுவையும் மருந்தும், மற்றவர்க்கு மருந்து மட்டும். மருந்து மட்டும் பெற்றோர் படுக்கையில் கிடத்தப்படாமல் நடமாடியபடியே பெரும்பாலும் குணமுற்றனர். மருத்துவமனைப் படுக்கைகள் அரிதான நாட்டிற்கு இம்முடிவு பெருங்கொடையாயிற்று எனலாம்.

ஆயினும் நோய் ஆறுவதும் முதுகு நிமிர்வதும் ஒன்றல்ல. குழந்தைகளிடம் இவ்வேறுபாடு கடுமையாக வெளிப்பட்டது. மருந்து மட்டும் பெற்ற 61 குழந்தைகளைப் பதினைந்தாண்டு பின்தொடர்ந்த எஸ். இராசசேகரன், 2001இல் வெளியிட்ட கட்டுரையில், கிருமி ஒழிந்த பின்னரும் சிலரிடம் வளர்ச்சிப் பருவம் முழுதும் வளைவு கூடிச் சென்றதைக் காட்டினார். வேறு சிலரிடம் வளைவு தானே குறைந்தது! யாருக்கு எது நேரும் என்பதை முன்னறிய எக்ஸ்கதிர்ப் படத்தில் நான்கு அடையாளங்களை அவர் வகுத்தார். முதுகின் பின்புறச் சிறு மூட்டுகள் விலகுதல் அவற்றுள் ஒன்று. இரண்டிற்கு மேற்பட்ட அடையாளங்கள் தென்படும் குழந்தைக்குக் காத்திருத்தல் தீங்காகும். கூன் முற்றிய பின் செய்யும் அறுவையில் தண்டுவடத்திற்கு ஆபத்து மிகுதி.

அவ்வாறு உரிய காலத்தில் முதுகை நிலைநிறுத்த உலோகத் திருகுகளும் தண்டுகளும் வேண்டும். நோயுற்ற இடத்தில் உலோகம் வைக்க மருத்துவர் நெடுநாள் அஞ்சினர். காசநோய்க் கிருமி எஃகின்மேல் மிகக் குறைவாகவே ஒட்டுகிறது என ஜப்பானிய ஆய்வாளர் 1993இல் காட்டிய பின்னர் அவ்வச்சம் தளர்ந்தது.

இராசசேகரன் பணியாற்றும் கங்கா மருத்துவமனை, 1978இல் கோவையில் நிறுவப்பெற்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதித் தமிழர்க்குக் கோவை அயலூரே. இடுக்கித் தோட்டப் பகுதியினர்க்கோ மலையிறங்கித் தேனி அல்லது மதுரை சேரவேண்டும். கூன் கூடும் குழந்தையைப் பொறுத்தவரை, அம்மலைவழித் தொலைவும் நோய்க்கணக்கில் சேரும்.