பன்னிரு விலங்கு ஆண்டுச் சுழற்சி

பிறந்த ஆண்டை ஒரு விலங்கின் பெயரால் குறிக்கும் கிழக்காசியக் காலக் கணக்கு. எலி, எருது, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்பது வரிசை. வியட்நாமில் மட்டும் முயலுக்குப் பதில் பூனை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து, இந்தக் கணக்கில் பிறந்த கொரியர்களும் பிரபவ, விபவ என்று எண்ணும் தமிழர்களும் ஒரே ஆலையில் வேலை செய்கிறார்கள். இரண்டும் அறுபதாண்டுக் கணக்குகள் என்பது இங்கே அதிகம் பேசப்படாத செய்தி.

விலங்கு பாதிக் கணக்குதான். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐம்பொருள்கள் ஒவ்வொன்றும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளை ஆள்வதால் பத்தாண்டுச் சுற்று ஒன்று உண்டு. பத்தும் பன்னிரண்டும் சேர்ந்து நகரும்போது 60 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதே இணை திரும்புகிறது. 1984 மர எலி, 2026 நெருப்புக் குதிரை. ஆண்டு ஜனவரி 1 அன்று மாறுவதில்லை. 2026இன் குதிரை பிப்ரவரி 17இல்தான் பிறக்கிறது. சித்திரை முதல் நாளுக்கு முன் பிறந்த குழந்தைக்கு நாம் பழைய ஆண்டின் பெயரைச் சொல்வது போலத்தான்.

இந்த அறுபது முதலில் ஆண்டுக்கானது அல்ல. சீனாவின் ஷாங் அரசர்களின் காலத்தில், 3,000 ஆண்டுகளுக்கு முன், குறி கேட்கும் எலும்புகளில் நாட்களை எண்ணவே அதைப் பொறித்தார்கள். ஆண்டுகளுக்கு அது நிலைத்தது ஹான் காலத்தில். விலங்குகள் எப்போது வந்து ஒட்டின? 1975இல் ஹூபெய் மாநிலத்தில் ஷுய்ஹூதி என்ற இடத்தில், கி.மு. 217ஐச் சேர்ந்த கல்லறையில் மூங்கில் ஏடுகள் கிடைத்தன. திருட்டுப் போன நாளின் விலங்கை வைத்துத் திருடனின் சாயலைச் சொல்லும் குறிப்பு அவற்றில் இருக்கிறது. எலி நாளில் திருடியவனுக்குக் கூரிய வாய், அடர்த்தியில்லாத தாடி! அந்தப் பட்டியலில் குதிரையின் இடத்தில் மான் நிற்கிறது. வரிசை அப்போது இறுகவில்லை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் சீன அறிஞர் வாங் சூங் எழுதியபோது இன்றைய விலங்குகள் வந்துவிட்டன. நீர் நெருப்பை வெல்லுமானால் நீருக்குரிய எலி ஏன் நெருப்புக்குரிய குதிரையைத் துரத்துவதில்லை என்று அவர் அப்போதே கேட்டுவிட்டார். சோதிடப் பொருத்தம் பற்றி இதைவிட நேர்மையான கேள்வியை நான் படித்ததில்லை. எலியும் பூனையும் பகை, பாம்பும் கீரியும் பகை என்று யோனிப் பொருத்தம் பார்க்கும் நமக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு வானத்தில் ஓர் இணை இருக்கிறது. வியாழன் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. சீனர்கள் அதை ஆண்டின் விண்மீன் என்றார்கள். நாம் குருப்பெயர்ச்சி என்கிறோம். வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறத்தாழ 60 ஆண்டுகள். 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் இந்த அறுபதை ஐந்தைந்து ஆண்டுகளாகப் பன்னிரண்டு யுகங்களாகப் பகுத்தார். வியாழன் சற்று முந்துவதால் வடநாட்டு முறை அவ்வப்போது ஓர் ஆண்டைக் கழிக்கும். தென்னாடு சுமார் 10ஆம் நூற்றாண்டு முதல் அதைக் கைவிட்டதால்தான் நம் அறுபது இடையறாமல் ஓடுகிறது.

இரு கணக்குகளும் சேர்ந்த இடம் திபெத். காலச்சக்கரப் பௌத்த மரபோடு அங்கே போன அறுபதாண்டு முறைக்கு 1027 முதலாண்டு. அது நெருப்பு முயல் ஆண்டு, அதுவே பிரபவ. அதிலிருந்து பதினாறு சுற்று கடந்தால் 1987, தமிழ்நாட்டிலும் பிரபவ. சீனச் சுற்று 1984இலேயே தொடங்கிவிட்டது, மூன்றாண்டு இடைவெளி. பன்னிரு விலங்குகளைச் சொல்லும் இந்தியப் பௌத்த நூலும் உண்டு. 5ஆம் நூற்றாண்டில் தர்மக்ஷேமர் சீனத்தில் பெயர்த்த மகாசந்நிபாத சூத்திரத்தில் புலியின் இடத்தில் சிங்கம் இருக்கிறது.

நம்பிக்கையின் விலையும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாதவள் என்ற அச்சத்தால் 1966இல் ஜப்பானில் பிறப்புகள் கால் பங்கு குறைந்தன. பெண்ணின் நட்சத்திரத்தைச் சொல்லி வரன் தட்டிக்கழிக்கும் வழக்கமுள்ள ஊர்களில் இதை விளக்கத் தேவையில்லை.

அதே 1966 சித்திரையில் பிறந்தது பராபவ. 2026 சித்திரையில் அது திரும்புகிறது. 1966இல் பிறந்த கொரியருக்கு 60 நிறைவில் ஹ்வான்கப் விருந்து, தமிழருக்குத் திருக்கடையூரில் சஷ்டியப்த பூர்த்தி.