'சரி' என்ற சொல்லும் முதல்நிலை மருத்துவமும்

1977 மார்ச் 27. கேனரித் தீவுகளில் ஒன்றான டெனரீஃப்பில் கடும் மூடுபனி. புறப்படுவதாக கே.எல்.எம். விமானத்திலிருந்து சொன்னதும் கட்டுப்பாட்டுக் கோபுரம் "ஓகே" என்றது. பொறுத்திருக்கும்படி அடுத்துச் சொன்னது போய்ச் சேரவில்லை. அதே நொடியில் பான் ஆம் விமானமும் வானொலியில் பேசியதால் எல்லாம் கீச்சொலியில் கரைந்தது. பான் ஆம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் கேட்கத்தான் செய்தார். மூத்தவரான கேப்டன் அதைப் பொருட்படுத்தவில்லை. மாண்டவர்கள் 583 பேர்.

மருத்துவக் குழுக்களின் பேச்சுமுறை குறித்த வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது வழக்கம். அது பாதி வரலாறுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமான பாதியை விரைவாகச் சொல்லிவிடலாம். 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கும், 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தொடங்கிய பயிற்சியும் கீழே இருப்பவர் வாய்திறக்கவும் மேலே இருப்பவர் காதுகொடுக்கவும் பழக்கின. மருத்துவத்துறை விழித்துக்கொண்டது 1999-இல். தவிர்க்கக்கூடிய பிழைகளால் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அங்குள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் மதிப்பிட்டது. (கணக்கின் மேல் சர்ச்சை உண்டு, அதிர்ச்சியின் மேல் இல்லை.) கைசர் பெர்மனன்ட்டே நிறுவனம், அணுசக்தி நீர்மூழ்கிகளின் தகவல் முறையைத் தழுவி 'எஸ்-பார்' என்ற நான்கு படிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. "டாக்டர், அந்தம்மாவைப் பார்த்தா சரியாப் படல" என்று இழுக்கும் செவிலியர், "பிரஷர் 90/60, காலைல 130 இருந்துச்சு, உள்ளே ரத்தம் போகுதோன்னு நினைக்கிறேன், நீங்க உடனே வரணும்" என்று சொல்லப் பழகுகிறார். நான்காவது படியில்தான் புதுமை. மருத்துவருக்குச் செவிலியர் பரிந்துரை சொல்லலாம் என்று ஏட்டில் ஏறிவிட்டது.

ஆனால் இவை யாவும் எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் சூழலில் விளைந்தவை. முதல்நிலை மருத்துவத்தில் ரத்தம் எடுப்பது திங்கட்கிழமை, முடிவு வருவது புதன். அன்று மருத்துவர் விடுப்பு, நோயாளி வெளியூர். ஆளில்லாத அந்த இடைவெளியில் பேசுவது காகிதம்தான். விடுபட்ட பாதி அதன் வரலாறு.

பிரிட்டனில் 1911-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தை ஒட்டி வந்தது 'லாய்ட் ஜார்ஜ் உறை'. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அட்டை உறை. நோயாளி மருத்துவரை மாற்றினால் அதுவும் கூடவே போகும். ஆயுள்காலக் குறிப்புகள் அதற்குள் மடிந்து திணிந்து கிடக்கும். எழுதியவரின் ஞாபகத்துக்கு அது போதும். அடுத்து பிரித்துப் பார்ப்பவர் பாடு திண்டாட்டம். அமெரிக்காவில் லாரன்ஸ் வீட் 1968-இல் இந்தப் பழக்கத்தையே கேள்வி கேட்டார். நோயாளியின் பிரச்சினைகளை எண்ணிட்டு அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன நினைத்தோம், என்ன செய்யப்போகிறோம் என்று எழுத வேண்டும் என்றார். குறிப்பு அதன்பின் அடுத்தவருக்கான கடிதமாகிறது. டெனரீஃப்புக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இது நடந்துவிட்டது என்பதை நம் ஆய்வுகள் ஏனோ மறந்துவிடுகின்றன.

2006-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் சுகாதார ஆய்வு முகமையும் வெளியிட்ட 'டீம்ஸ்டெப்ஸ்' பயிற்சி, பின்னர் சிறு கிளினிக்குகளுக்கும் ஏற்ப மாற்றப்பட்டது. இரு மரபுகளும் சந்திக்கும் இடம், காலையில் வேலை தொடங்குமுன் நின்றபடியே நடக்கும் சிறு கூட்டம்: கையில் அன்றைய பட்டியல், வாயில் 'யாருடைய ரிப்போர்ட் இன்னும் வரவில்லை' என்ற கேள்வி. முதல்நிலை மருத்துவப் பாதுகாப்பு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஒன்பது நூல்களில், நோயறிதல் பிழைக்கு ஒன்று இருப்பதுபோல நிர்வாகப் பிழைக்கும் தனியே ஒன்று உண்டு. தொலைந்த சீட்டுக்குக் கிடைத்த அந்த இடத்தையே திருப்புமுனையாகக் கொள்கிறேன்.

விமானத்துறையிலிருந்து வந்தவற்றுள் கிளினிக்குக்கு மிகவும் பொருந்துவது, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வழக்கம். இங்கே திருப்பிச் சொல்ல வேண்டியவர் நோயாளி. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிம்மா" என்பார் பாட்டி. "வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால் மடியிலிருந்து பழைய அட்டையையும் எடுத்து வைப்பார்: "இது காலைல, இது ராத்திரி, போன தடவை குடுத்த இதுவும் ராத்திரிதான்." மருத்துவர் அன்று காலை நிறுத்தியது அந்த மூன்றாவது மாத்திரையை.