நோய்க்கு முன்னே ஒரு முடிப்பு

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர். ஐந்தாவதாகவும் ஒன்று உண்டு என்பதை எங்கள் வீட்டில் 1988-ல் இதே கல்யாணில் கற்றுக்கொண்டோம். அது பணம்.

இந்த ஐந்தாவது கூறை நம் முன்னோர் மறந்துவிடவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள். வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் என்று ஆட்கள். அவர்களுக்கு நெல்லும் காசும் இவ்வளவு என்று கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். யாருக்கு நோய் வரும் என்று தெரியாது. ஆனால் செலவு வரும் என்று தெரிந்திருந்தது. ஆகவே முதலிலேயே ஒதுக்கி வைத்தார்கள்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தக் கோயிலும் இல்லை, நிலமும் இல்லை. போரிபந்தரிலிருந்து தானே வரை 1853-ல் ஓடிய ரயில் 1854-ல் கல்யாணுக்கு வந்தது. தாராவிக்குத் தோல் வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரர்களும், மாட்டுங்காவிலிருந்து ஆபீசுக்குப் போனவர்களும், பிற்பாடு வாடகை கட்டுப்படியாகாமல் டோம்பிவிலி, கல்யாண் என்று ரயில் பாதையோடு நகர்ந்து வந்த நம்மவர்களும் கைக்கொண்ட வழிகள் மூன்றுதான்: ஊர்ச் சங்கம், சீட்டு, அடகு. சீட்டுக்கு இங்கே ‘பிஷி’ என்று பெயர். பெயர்தான் வேறு, தள்ளிக் கேட்டால் நஷ்டம் எடுக்கிறவனுக்குத்தான்.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பம்பாயில் குறைவில்லை. பரேலில் கே.ஈ.எம். 1926-லும், டாடா நினைவு மருத்துவமனை 1941-லும் வந்துவிட்டன. செலவுக்குச் சட்டம் வந்தது 1948-ல்: தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம், அதாவது இ.எஸ்.ஐ. 1952-ல் கான்பூரிலும் டில்லியிலும் அது தொடங்கியது. ரயில்வேக்காரர்களுக்குக் கல்யாணிலேயே தனி ஆஸ்பத்திரி. 1956-ல் எல்.ஐ.சி. பிறந்தது. ஆனால் ஆயுள் காப்பீடு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது. அதற்கென்று ‘மெடிக்ளெய்ம்’ பாலிசியைப் பொதுத்துறைக் கம்பெனிகள் 1986-ல்தான் கொண்டுவந்தன.

இனி எங்கள் கதை. அம்பர்நாத் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. 1986-ல் சம்பளம் உயர்ந்தது. அன்றைக்கு இ.எஸ்.ஐ. உச்சவரம்பு மாதம் 1,600 ரூபாய். அப்பா அதைத் தாண்டிவிட்டார். "இனிமே சம்பளத்துல பிடிக்க மாட்டாங்கடா" என்று சந்தோஷமாய் அரைக்கிலோ பேடா வாங்கி வந்தார். இரண்டே வருஷத்தில் அம்மாவுக்கு மார்பில் கட்டி. புற்றுநோய் என்றார்கள்.

கல்யாணிலிருந்து பரேலுக்கு லோக்கல் ரயிலில் போகவர மூன்று மணி நேரம். மருந்து, பரிசோதனை, அப்பாவுக்குச் சம்பளமில்லா லீவு. முதலில் பிஷியைத் தள்ளி எடுத்தோம். அப்புறம் அம்மாவின் வளையல், அட்டிகை எல்லாம் மார்வாடி கடைக்குப் போயின. "நான் பிழைச்சு என்ன பண்ணப் போறேன், பொண்ணுக்கு வேணுமே" என்று அம்மா அழுததுதான் வியாதியைவிடப் பெரிய வேதனை. கடைசியில் 7.42 லோக்கலில் கூடப் போகிற தமிழ் நண்பர்கள் ஒரு நோட்டு போட்டு வசூல் செய்தார்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். அம்மா இன்னும் ஒன்பது வருஷம் இருந்தார். நகை திரும்பவில்லை, அக்கா கல்யாணம் நாலு வருஷம் தள்ளிப்போயிற்று. மெடிக்ளெய்ம் என்று ஒன்று வந்திருப்பதை அந்த இரண்டு வருஷத்தில் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இன்று சொல்ல ஆள் இருக்கிறது, கேட்கத்தான் நேரமில்லை. "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கேப்பா" என்கிறான் என் மகன். அப்பா வாங்கி வந்த பேடாதான் எனக்கு ஞாபகம் வருகிறது. வேலை போனால் பொதுவாக அந்தப் பாதுகாப்பும் போகும். உடம்பு நன்றாக இருக்கும்போதே சொந்தமாய் ஒரு பாலிசி எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம் என்பது 2024-ல் வந்த விதி. தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பரில் நீங்கிவிட்டது. பில்லைக் கட்டுகிற பாலிசி வேறு, கொடிய நோய் என்று உறுதியானதும் மொத்தத் தொகை தருகிற பாலிசி வேறு. வீட்டு வாடகைக்கும் ரயில் சார்ஜுக்கும் உதவுவது இரண்டாவதுதான்.

அரசுத் திட்டங்களும் உண்டு. மகாராஷ்டிர அரசின் ஜீவன்தாயி திட்டம் 2012-ல் மும்பையிலும் 2013 நவம்பரில் நம் தானே மாவட்டத்திலும் வந்தது. 2017 முதல் மகாத்மா ஜோதிபா புலே பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1.5 இலட்சமாக இருந்த வரம்பு பின்னர் 5 இலட்சமாயிற்று. 70 வயது கடந்தவர்களுக்கு, வருமானம் எதுவானாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபர் முதல் உண்டு, ஆதார் போதும்.

நம்மவர்கள் இடறுவது இங்கேதான். மகாராஷ்டிரத் திட்டத்துக்கு இந்த மாநில ரேஷன் அட்டை போன்ற சான்று வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சர் திட்டத்துக்கு அங்கத்திய குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். பல வீடுகளில் ஊர் அட்டையில் பெயரை நீக்கியாயிற்று, இங்கே சேர்க்கவில்லை. இரண்டு மாநிலத்துக்கும் சொந்தக்காரர்களாய் இருந்தும், ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இரண்டுக்கும் அந்நியராய் நிற்கிறோம்.

அப்பா அந்த வசூல் நோட்டைக் கடைசிவரை வைத்திருந்தார். பணம் கொடுத்தவர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், பெயரைத் தேடி, கொடுத்ததைவிட ஒரு ரூபாயாவது கூடக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த மனசு நம் சங்கங்களில் இன்றும் இருக்கிறது. ஆனால் இன்றைய பில்லுக்கு ரயில் பெட்டி வசூல் எட்டாது. பொங்கல் விழாவன்று ஒரு மேஜை போட்டு, ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்கவும், பாலிசி படிவத்தைப் படித்துச் சொல்லவும் நாலு இளைஞர்கள் உட்கார்ந்தால் போதும். அந்த மேஜைக்கு முதல் ஆளாய் என் மகனை அழைத்துவருகிறேன்.