வெளிப்பொருத்து மோட்டாரின் கீழ்ப்பகுதியைக் கழற்றுதல்

வெளிப்பொருத்து மோட்டாரின் கீழ்ப்பகுதி என்பது, படகின் பின்புறம் பொருத்தப்படும் மோட்டாரில் பற்சக்கரங்களையும் உந்துசுழலியின் அச்சையும் கொண்ட அடிப்பாகம் ஆகும். குளிர்விக்கும் நீரை மேலேற்றும் இம்பெல்லர் எனும் ரப்பர் இதழ்ச்சக்கரத்தை மாற்றுவதற்குப் பெரும்பாலான மோட்டார்களில் இப்பகுதியைக் கழற்ற வேண்டும். பணியைத் தொடங்குமுன் தீப்பொறிச் செருகிகளின் இணைப்புகளை நீக்குவது பாதுகாப்பானது.

மறைவான மரையாணி

கீழ்ப்பகுதியைத் தாங்கும் மரையாணிகளுள் பெரும்பாலானவை வெளியே தெரியும். எனினும் யமகா, மெர்க்குரி ஆகியவற்றின் பல மாதிரிகளில் ஒன்று மட்டும் உந்துசுழலிக்கு மேலுள்ள சிறு தகட்டின் பின்னால் மறைந்திருக்கும். சாதாரண ஸ்பானர் அக்குழியினுள் நுழையாது. தகட்டைக் கழற்றியபின் நீட்டுத்தண்டு பொருத்திய சாக்கெட்டைக் கொண்டே அதனை எட்ட இயலும். இம்மரையாணி இருப்பதை அறியாமல் நெம்பினால் அலுமினிய உறை வெடிக்கக்கூடும். இத்தகடு சுக்கானின் பக்க இழுப்பைச் சரிசெய்வதால், கழற்றுமுன் அதன் கோணத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில மாதிரிகளில் பற்சக்கர மாற்றுத் தண்டின் இணைப்பையும் விடுவித்தாலன்றிக் கீழ்ப்பகுதி இறங்காது.

இறுகிய மரையாணிகள்

உவர்நீரில் துருவேறா எஃகு மரையாணியைச் சூழ்ந்த அலுமினியம் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகிறது. அரிப்பில் உண்டாகும் வெண்பொடி புரிகளை அடைத்து மரையாணியை இறுகச் செய்கிறது. வெப்பக்காற்றுக் கருவியால் உறையைச் சூடாக்கினால், அலுமினியம் எஃகைவிட மிகுதியாக விரிவதால் பிடி தளரும். இதற்கு அறுமுனை சாக்கெட் ஏற்றது. பன்னிருமுனை சாக்கெட் மரையாணியின் தலையை எளிதில் மழுக்கிவிடும். மீண்டும் பொருத்தும்போது புரிகளில் கடற்பயன்பாட்டுக் கிரீசு பூசினால் அடுத்தமுறை கழற்றுவது எளிதாகும்.