கருவில் எழுதப்பட்டதா, எழுதப்பட்டு வருவதா?
கருவியலில் ஒரு பழைய வழக்கின் வரலாறு

"எல்லாம் கருவிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது" என்னும் சொல்லை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். முன்னோர் இதனைத் தலையெழுத்து என்றனர். இன்று கற்றோர் மரபணு என்கின்றனர். சொல் மாறியதேயன்றிச் சொல்லின் சுமை மாறவில்லை. தீராநோயுற்றோர் இதைக் கேட்டு நம்பிக்கை இழக்கின்றனர். குறையுடன் பிறந்த குழந்தையின் தாய் இதைக் கேட்டுத் தன்னையே நொந்துகொள்கிறாள். ஆகவே இச்சொல் எவ்வளவு உண்மை என ஆராய்வது வீண் வேலையன்று. ஐரோப்பிய அறிஞரிடையே முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதே வினா ஒரு வழக்காக நடந்து வந்துள்ளது. அவ்வழக்கின் போக்கையும், குருத்தணு ஆராய்ச்சி அதனைக் கொண்டுவந்து நிறுத்தியுள்ள இடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

1. இரு கொள்கைகள்

கோழி முட்டைகளை நாளுக்கு ஒன்றாக உடைத்துப் பார்த்தவர் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில். மூன்றாம் நாளளவில் குருதிப்புள்ளியாய்த் துடிக்கும் இதயத்தை அவர் கண்டார். உறுப்புகள் ஒருங்கே தோன்றுவதில்லை, ஒன்றன்பின் ஒன்றாகவே தோன்றுகின்றன என்பது அவர் முடிவு. குருதிச் சுழற்சியை நிறுவிய வில்லியம் ஹார்வி 1651-இல் வெளியிட்ட நூலில் இதே கருத்தை வலியுறுத்தி, அதற்கு 'எபிஜெனசிஸ்' என்று பெயரிட்டார். இதனைப் படிமுறைத் தோற்றம் எனலாம்.

ஆனால் நுண்பெருக்கிக் கண்ணாடி பரவிய காலத்தில் அறிஞர் பலர் எதிர்த்திசையில் சென்றனர். உயிரின் முழு உருவமும் மிகச் சிறிய அளவில் முன்னரே அமைந்துள்ளது, வளர்ச்சி என்பது அது பருத்து விரிவதே என்றனர். சிலர் அவ்வுருவம் முட்டையில் உள்ளதென்றனர். வேறு சிலர் விந்தணுவில் உள்ளதென்றனர். 1694-இல் ஹார்ட்சூக்கர் என்னும் டச்சு அறிஞர், விந்தணுவின் தலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் சிறு மனிதனைப் படமாகவே வரைந்தார். அவர் அதைக் கண்டதாகக் கூறவில்லை. கண்டால் இவ்வாறு இருக்கும் என்று கருதினார். இதனை முன்னமைவுக் கொள்கை என்பர்.

இன்று இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் உருவமற்ற நீர்மத்திலிருந்து கண்ணும் காதும் தாமே எவ்வாறு உருவாகும் என்ற வினாவுக்கு அக்காலத்தில் வேறு விடை எளிதில் கிடைக்கவில்லை என்பதை மறத்தலாகாது.

2. ஹாலரும் வோல்ஃபும்

அல்பிரெக்ட் ஃபான் ஹாலர் சுவிட்சர்லாந்து நாட்டவர்; மருத்துவர், கவிஞர், ஆழ்ந்த பக்தியுடையவர். 1758-இல் கோழிக்கருவைப் பற்றித் தாம் வெளியிட்ட நூலில் அவர் முன்னமைவை நிலைநாட்ட முற்பட்டார். மஞ்சட்கருவைச் சூழ்ந்த சவ்வு, குஞ்சின் குடற்சவ்வோடு தொடர்ச்சியாக உள்ளது. அச்சவ்வோ கருவுறுமுன்னரே முட்டையில் உண்டு. எனவே குஞ்சும் முன்னரே இருந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அஃது ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை எனின், மிகமென்மையாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருப்பதால் என்றார்.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1759-இல், காஸ்பர் ஃபிரீடிரிக் வோல்ஃப் என்னும் இளைஞர் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையில் இதனை மறுத்தார். காணப்படாதது மறைந்திருக்கிறது என்பதினும், இன்னும் உண்டாகவில்லை என்பதே நேர்மையான விடை என அவர் கொண்டார். பின்னர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றியபோது, கோழிக்கருவின் குடல் தட்டையான ஒரு படலமாகத் தொடங்கி, பின் மடிந்து குழாயாவதைப் படிப்படியாகக் கண்டு 1768-69-இல் வெளியிட்டார். குழாயே இல்லாதிருந்து குழாய் உண்டாயிற்று எனில், முன்னமைவுக்கு அங்கு இடமில்லை.

இவ்விருவரின் வழக்கு வெறும் நுண்பெருக்கி வழக்கன்று. பருப்பொருள் தானே உருக்கொள்ளுமாயின் படைத்தவருக்கு வேலையென்ன என்று ஹாலர் அஞ்சினார். இயற்கை விசைகளால் உடல்கள் உண்டாகின்றன என்பதால் கடவுளின் உண்மைக்கு எதிராக ஒன்றும் நிறுவப்படவில்லை என்னும் பொருள்பட வோல்ஃப் அவருக்கு மறுமொழி எழுதினார். நாம் இதனைக் கருத்திற்கொள்வது நலம். பக்தியை அரண்செய்ய எண்ணி ஹாலர் பற்றிக்கொண்ட கொள்கை நிலைக்கவில்லை. இறைவன் செயலை ஒரே கணத்தில் முடிந்த செயலாக மட்டுமே எண்ணியதால், நாள்தோறும் நிகழும் உருவாக்கத்தில் அதைக் காண அவர் மறுத்தார் எனலாம்.

3. துண்டித்தாலும் முழுமை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கு மீண்டும் எழுந்தது. 1888-இல் வில்ஹெல்ம் ரூ, இரண்டு உயிரணுக்களாய்ப் பிரிந்த தவளைக் கருவில் ஒன்றைச் சுடுஊசியால் கொன்றார். எஞ்சியது அரைக்கருவாகவே வளர்ந்தது. ஒவ்வோர் உயிரணுவுக்கும் அதன் பங்கு முன்னரே பிரித்தளிக்கப்படுகிறது என்று அவர் கருதினார். 1892-இல் வைஸ்மானும் இவ்வகைக் கொள்கையை விரிவாக வகுத்தார்.

1891-இல் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலியின் இரு உயிரணுக்களை நீரில் குலுக்கி முற்றிலும் பிரித்துவிட்டார். அவர் எதிர்பார்த்தது அரைக்கரு. மறுநாள் கண்டதோ அளவிற் சிறிய, ஆனால் முழுமையான கரு. ஒரே உயிரணுவில் முழுமையையும் ஆக்கும் ஆற்றல் இருந்தது. ரூவின் சோதனையில் செத்த பாதி ஒட்டிக்கொண்டிருந்ததே எஞ்சிய பாதியைத் தடைசெய்தது எனப் பின்னர் விளங்கிற்று. இங்குக் கற்கவேண்டியது ஒன்றுண்டு: ஓர் உயிரணு என்னவாகும் என்பதை அதன் உள்ளிருப்பு மட்டுமன்றி, அதன் அயலிருப்பும் முடிவு செய்கிறது.

1924-இல் ஹான்ஸ் ஸ்பீமனும் அவர் மாணவி ஹில்டே மங்கோல்டும் இதனை ஐயமற நிறுவினர். நீர்நிலவாழ் நியூட்டின் கருவிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, வேறொரு கருவின் வயிற்றுப்புறத்தில் பதித்தனர். அத்துணுக்கு அயலிலிருந்த உயிரணுக்களை ஏவி இரண்டாம் உடலையே உருவாக்கிற்று. வயிற்றுத் தோலாகவேண்டிய அணுக்கள் நரம்பாயின. கட்டுரை அச்சேறிய அதே ஆண்டில் தீவிபத்தில் ஹில்டே மங்கோல்டு மாண்டார். 1935-இல் ஸ்பீமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

4. எழுத்தும் வாசிப்பும்

தோலணுவும் நரம்பணுவும் ஒரே மரபணுத் தொகுதியை உடையன எனில், அவை வேறுபடுவது எப்படி? 1942-இல் ஆங்கில அறிஞர் வாடிங்டன் இவ்வினாவை ஆயும் துறைக்கு 'எபிஜெனிடிக்ஸ்' எனப் பெயரிட்டார். ஹார்வியின் பழஞ்சொல்லை மரபியலோடு அவர் இணைத்தார். 1957-இல் ஒரு மலைச்சரிவின் படத்தால் இதை விளக்கினார். உச்சியிலிருந்து உருளும் பந்து, கிளைத்துச் செல்லும் பள்ளங்களில் ஒன்றினுள் இறங்குகிறது. இறங்க இறங்க வேறு பள்ளத்திற்கு மாறுவது கடினமாகிறது. உயிரணுவின் வளர்ச்சியும் அத்தகையது என்றார்.

கடினம் என்பது இயலாமையா? 1962-இல் ஜான் கர்டன் விடை கண்டார். ஆப்பிரிக்கத் தவளை முட்டையின் உட்கருவைப் புறஊதாக் கதிரால் அழித்து, தலைப்பிரட்டையின் குடலணுவிலிருந்து எடுத்த உட்கருவை அதனுள் வைத்தார். பெரும்பாலானவை அழிந்தன; மிகச்சிலவே உண்ணும் தலைப்பிரட்டைகளாய் வளர்ந்தன. அச்சிலவே போதுமாயிருந்தன. குடலணு தன் தொழிலுக்கு வேண்டாத மரபணுக்களை இழந்துவிடவில்லை, மூடி வைத்திருந்தது.

மூடும் முறையும் மெல்ல விளங்கிற்று. பெண்பாலுயிரின் இரு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று கருநிலையிலேயே அடக்கப்படுகிறது என்று 1961-இல் மேரி லயன் கூறினார். டி.என்.ஏ.வின் மேல் ஒட்டும் மீத்தைல் என்னும் சிறு வேதிக்குறி மரபணுவை அடக்குவதாகலாம் என்று 1975-இல் ரிக்ஸ் என்பவரும், ஹாலிடே, பியூ ஆகியோரும் தனித்தனியே முன்மொழிந்தனர். நூலின் எழுத்து மாறுவதில்லை. எப்பக்கம் திறந்திருக்கிறது, எப்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது என்பதே மாறுகிறது.

5. குருத்தணுவும் கருவின் மதிப்பும்

1961-இல் கனடாவின் டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் ஆகிய இருவர், கதிரியக்கத்தால் குருதியாக்கம் அழிந்த எலிகளுக்கு எலும்பு மச்சையைச் செலுத்தினர். மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே உயிரணுவின் வழிவந்தது எனப் பின்னர் உறுதியாயிற்று. தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு, பலவகை அணுக்களையும் ஈனவல்ல இத்தகைய உயிரணுவையே குருத்தணு என்கிறோம்.

1981-இல் எலிக்கருவிலிருந்தும், 1998-இல் ஜேம்ஸ் தாம்சனால் மனிதக்கருவிலிருந்தும் குருத்தணுக்கள் எடுத்து வளர்க்கப்பட்டன. எடுப்பதற்குக் கரு அழியவேண்டியிருந்தது. ஹாலர்-வோல்ஃப் வழக்கு இப்போது சட்டமன்றம் ஏறிற்று. பிரிட்டனில் 1984-இல் வார்னாக் குழு, ஆய்வகத்தில் மனிதக்கருவை 14 நாட்களுக்கு மேல் வளர்த்தலாகாது எனப் பரிந்துரைத்திருந்தது. 1990-இல் அது சட்டமாயிற்று. அதே 1990-இல் ஜெர்மனியோ கருவைக் காக்கக் கடுஞ்சட்டம் இயற்றியது. ஈண்டு ஓர் எச்சரிக்கை தேவை. கரு படிப்படியாக உருவாகிறது என்பதால் தொடக்கத்தில் அதற்கு மதிப்பில்லை என்று முடிவாகாது. தொடக்கத்திலேயே உயிரணு முழுமையானது என்பதாலும் வழக்கு தீராது. எவ்வாறு உருவாகிறது என்பதை நுண்பெருக்கி காட்டும். எவ்வாறு நடத்தவேண்டும் என்பதை அது காட்டாது.

2006-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் யமனாக்கா, தகாஹாஷி ஆகியோர் புதுவழி கண்டனர். 24 மரபணுக்களைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, நான்கே போதும் என அறிந்தனர். அந்நான்கும் எலியின் முதிர்ந்த உயிரணுவைக் கருநிலைக்கு ஒத்த குருத்தணுவாக்கின. 2007-இல் மனிதத் தோலணுவிலும் இது கைகூடிற்று. பந்து மலைமேல் ஏறிற்று. கருவை அழிக்கவேண்டிய கட்டாயமும் தளர்ந்தது. கர்டனின் கட்டுரை வெளிவந்த 1962-இல் பிறந்தவர் யமனாக்கா. 2012-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். எனினும் அந்நான்கில் ஒன்று புற்றுநோயைத் தூண்டவல்லது. இளமைக்குத் திரும்பும் ஆற்றலும் கட்டுமீறிப் பெருகும் ஆற்றலும் அண்டை வீட்டார் என்பதை இதனால் உணர்கிறோம்.

6. பசியின் சுவடு

1944 செப்டம்பரில் நெதர்லாந்து இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆதிக்கம் செலுத்திய ஜெர்மானியர் பதிலடியாக உணவுப் போக்குவரத்தைத் தடுத்தனர். அக்குளிர்காலத்தில் மேற்குப்பகுதி நகரங்களில் ஒருவருக்குக் கிடைத்த உணவு ஒருகட்டத்தில் நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி அளவுக்குக் குறைந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பஞ்சத்தின்போது கருவுற்றுப் பிறந்தோரை அவர்தம் உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவின்மேல் மீத்தைல் குறிகள் அவர்களிடம் குறைவாயிருந்தன. கருவில் பட்ட பசியின் சுவடு முதுமையிலும் காணப்பட்டது.

இதைக் கேட்டோர் சிலர் புதியதொரு தலையெழுத்தை வகுக்க முற்படுகின்றனர். முன்பு மரபணுவைக் குற்றம் சாட்டினர்; இப்போது தாயின் கருப்பையைக் குற்றம் சாட்டுகின்றனர். இது தவறு. அவ்வேறுபாடு சிறியது, கூட்டத்தின் சராசரியில் காணப்பட்டது, தனியொருவரின் நோயை அது முன்னுரைக்காது. அன்றியும் அத்தாய்மார் பட்டினி கிடந்தது தம் விருப்பத்தாலன்று. உணவை மறித்தவர் வேறு. குற்றத்தைத் தேடுவோர் கருப்பையினுள் நுழையுமுன் தெருவைப் பார்க்க வேண்டும்.

குறிகள் மாறவும் கூடும். அசாசிட்டிடின் என்னும் மருந்து முதலில் உயிரணுக்களைக் கொல்லும் நஞ்சாகவே அறியப்பட்டது. 1980-இல் ஜோன்ஸ், டெய்லர் ஆகியோர், அது மீத்தைல் குறிகளை அகற்றி எலியின் உயிரணுக்களைத் தசையணுக்களாக மாற்றுவதைக் கண்டனர். 2004-இல் அமெரிக்காவில் எலும்பு மச்சை நோய்வகை ஒன்றுக்கு அம்மருந்து ஏற்கப்பட்டது. எல்லாரையும் அது குணமாக்குவதில்லை. ஆயினும் சிலருடைய வாழ்நாளை நீட்டியிருக்கிறது.

முடிவாக

இவ்வழக்கில் எவர் வென்றார்? வோல்ஃப் பெரிதும் வென்றார். குழாய் மடிந்தே குழாயாயிற்று. ஹாலரும் முற்றிலும் தோற்கவில்லை. முட்டையில் உருவம் இல்லாவிடினும் மரபுச்செய்தி உண்டு. ஆனால் செய்தி வேறு, விதி வேறு. செய்தி வாசிக்கப்பட வேண்டும்; வாசிப்பதில் அயலும் உணவும் காலமும் கைகொடுக்கின்றன.

ஆதலால் நோயுற்றோரிடமும் குறையுடன் பிறந்த குழந்தையின் பெற்றோரிடமும் "கருவிலேயே எழுதியாயிற்று" என்று சொல்லுமுன் நாம் தயங்குவோமாக. எல்லாம் மாறும் என்னும் பொய்யாறுதலையும் அளிக்க வேண்டா; மாறாதவை பல உண்டு. எனினும் கருவுற்ற தாய்க்கு வேளைதோறும் உணவு கிட்டச்செய்வதும், அவள்மேல் பழி சுமத்தாதிருப்பதும் நம் கையில் உள்ளவை. கருவியலின் முந்நூறாண்டு வழக்கு நமக்கு விட்டுச்சென்ற கடமை இதுவே.