பொறி எங்கே போயிற்று?

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வழியில் நின்றுவிடுகிறது. தொட்டியில் பெட்ரோல் இருக்கிறது; கார்புரேட்டரும் சுத்தமாக இருக்கிறது. எத்தனை முறை உதைத்தாலும் எஞ்சின் உயிர் பெறவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "கரண்ட் வரவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். புல்லட், ஜாவா, யெஸ்டி போன்ற பழைய வண்டிகளைப் பேணி ஓட்டுவோருக்கு இது பழகிய சொல்தான்.

உடனே காயிலை மாற்று, கண்டென்சரை மாற்று என்று இறங்குவோர் பலர். குடும்ப வரலாற்றைக் கேட்காமல் நோயாளிக்கு மருந்து கொடுப்பதைப் போன்றது இது. மின்பொறியை உண்டாக்கும் முறையில் வண்டிகளுக்குள் வெவ்வேறு வம்சங்கள் உண்டு. ஒரு வம்சத்துக்குப் பொருந்தும் சோதனை மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே பொறியைத் தேடுமுன் அதன் வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்வோம்.

பொறி இல்லாத முதல் வண்டி

1885-ஆம் ஆண்டு ஜெர்மனியில் டைம்லரும் மேபாக்கும் உருவாக்கிய மரச்சட்ட வண்டியே பெட்ரோலில் ஓடிய முதல் மோட்டார் சைக்கிள் எனக் கருதப்படுகிறது. அதில் மின்பொறியே கிடையாது. உருளையோடு இணைந்த சிறு குழாய் ஒன்றை வெளியிலிருந்து சுடரால் சூடாக்கி வைப்பார்கள். அழுத்தப்பட்ட பெட்ரோல்-காற்றுக் கலவை அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். குழாய் இருந்ததோ இருக்கைக்கு அடியில். முதல் ஓட்டத்தின்போதே இருக்கை தீப்பற்றியது என்பர். தீ எந்த நொடியில் பற்ற வேண்டும் என்பதைச் சரியாகக் கட்டுப்படுத்தவும் இம்முறையில் வழியில்லை. எஞ்சின் வேகமாகச் சுழல வேண்டுமானால், குறித்த கணத்தில் தோன்றி மறையும் ஒரு பொறி தேவைப்பட்டது.

நிறுத்தினால் பிறக்கும் மின்சாரம்

அதற்கான விதை முன்பே தூவப்பட்டிருந்தது. காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். 1850-களில் பாரிஸ் நகரின் ரூம்கார்ஃப் இந்தத் தத்துவத்தில் இயங்கும் தூண்டு சுருள்களைச் செய்து புகழ் பெற்றார். 1860-இல் லெனாய்ர் தமது வாயு எஞ்சினில் இத்தகைய சுருளைக் கொண்டே பொறி உண்டாக்கினார்.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பொறி வருவதில்லை. அதைச் சட்டென்று நிறுத்தும்போதுதான் வருகிறது. சில நூறு சுற்றுகள் கொண்ட தடித்த கம்பிச் சுருளில் 6 வோல்ட் பாட்டரி சில ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்துகிறது. தொடுமுனைகள் பிரிந்ததும் காந்தப்புலம் சரிகிறது. பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட மெல்லிய சுருளில் அந்த நொடியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் எழுகிறது. பட்டறைகளில் "பாயின்ட்" எனப்படுபவை இந்தத் தொடுமுனைகளே.

நிறுத்தம் திடீரென்று நிகழாவிட்டால் எல்லாம் வீண். பிரியும் தொடுமுனைகளுக்கிடையே மின்சாரம் தாவிக்கொண்டே இருந்தால் காந்தப்புலம் மெதுவாகத்தான் சரியும். 1853-இல் ஃபிஸோ என்ற பிரெஞ்சு அறிஞர் தொடுமுனைகளுக்கு இணையாக ஒரு மின்தேக்கியைச் சேர்த்து இக்குறையைப் போக்கினார். தாவ முயலும் மின்சாரத்தை அது தற்காலிகமாக ஏற்றுக்கொள்கிறது. இன்று நாம் ஒரு சிறிய தகர டப்பியாகக் காணும் கண்டென்சரின் வேலை அதுவே.

இரண்டு வம்சங்கள்

பாட்டரியைச் சுமக்க விரும்பாதவர்கள் வேறு வழி தேடினர். காந்தத்தைச் சுழற்றி எஞ்சினே தனக்கு வேண்டிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொள்ளும் கருவி மேக்னெட்டோ. 1887-இல் ராபர்ட் போஷ் நிலையான எஞ்சின் ஒன்றுக்கு அதைச் செய்து கொடுத்தார். 1902-இல் அவருடைய உதவியாளர் ஹோனோல்ட், ஸ்பார்க் பிளக்குடன் இணையும் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அமெரிக்காவில் கெட்டரிங் பாட்டரி, காயில், தொடுமுனை ஆகியவற்றைச் சீரமைத்தார். அவருடைய அமைப்பை 1910-ஆம் ஆண்டு மாதிரியில் காடிலாக் கார்கள் ஏற்றன. முதல் வம்சம் மேக்னெட்டோ, இரண்டாவது பாட்டரி-காயில்.

தமிழ்நாடு-கர்நாடக எல்லைப் பட்டறைகள் இவ்விரண்டையும் கையாண்டவை. கிழக்கே சென்னைத் திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டும், மேற்கே மைசூரில் 1961 முதல் உருவான ஜாவாவும், பின்னர் வந்த யெஸ்டியும் பாட்டரி-காயில் வம்சம். 1971-இல் சிப்காட் நிறுவனம் அமைக்கப்பட்ட பின் அதன் தொழில் வளாகத்தால் வளர்ந்த ஓசூரிலிருந்து 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 மொபெட்டோ, சக்கரத்துக்குள் காந்தம் வைத்த மேக்னெட்டோ வம்சம். இரு வகைக்கும் பிளக், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரின் மைக்கோ ஆலையிலிருந்து வந்தது. அந்த மைக்கோவும் போஷ் நிறுவனத்தின் கிளையே.

தேடும் முறை

முதலில் பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடல் எஞ்சின் தலையில் நன்கு படும்படி வைத்து, நிழலில் உதைத்துப் பார்க்க வேண்டும். பிளக் துளைக்கும் பெட்ரோல் கசிவுக்கும் எட்டவே வைப்பது அவசியம். கம்பியை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பொறி இல்லையெனில், நல்லதென்று தெரிந்த பிளக்கை வைத்துச் சோதிக்கலாம். கரி படிந்த பிளக்கில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டாமல் கரி வழியே கசிந்துவிடும். சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் பனிக்காலக் காலைகளில், விரிசல் விட்ட பிளக் கம்பியின் ஈரமும் இதே கேட்டைச் செய்யும். வெளியே பொறி தெரிந்தால் மட்டும் போதாது. உருளைக்குள் அழுத்தப்பட்ட காற்றைத் தாண்ட மேலும் அதிக மின்னழுத்தம் வேண்டும்.

அடுத்த படிதான் முக்கியமானது: சுற்றை இரண்டாகப் பிரிப்பது. பாட்டரி-காயில் வண்டியில் சாவியைத் திருப்பி, மூடியிருக்கும் தொடுமுனைகளை மரக்குச்சியால் பிரித்துப் பாருங்கள். அங்கே சிறு பொறி தெரிந்தால் பாட்டரி முதல் தொடுமுனை வரை வழி சரி. குறை காயிலின் உயர் மின்னழுத்தப் பகுதியிலோ, பிளக் கம்பியிலோ, கண்டென்சரிலோ இருக்கலாம். ஒன்றுமே தெரியாவிட்டால் பாட்டரி, சுவிட்சு, இணைப்புகள், அழுக்கேறிய தொடுமுனை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தொடுமுனைகளில் நீல நிறத்தில் பெரிய பொறி எழுந்து, பிளக்கில் மங்கிய பொறியே வந்தால் ஐயம் கண்டென்சர் மீது விழும். புல்லட்டின் அம்மீட்டரும் ஒரு சாட்சி. மெதுவாக உதைக்கும்போது முள் ஆடினால் தொடுமுனைகள் மூடித் திறக்கின்றன. ஆடாமல் ஒரு பக்கமே சாய்ந்து நின்றால் அவை திறக்கவில்லை. சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி தேய்ந்து மறைந்துபோனாலே வண்டி நின்றுவிடும்.

மேக்னெட்டோ வண்டியில் இக்கணக்கு தலைகீழாகும். பாட்டரி வண்டியின் சுவிட்சு வழியைத் துண்டித்து எஞ்சினை நிறுத்துகிறது. மேக்னெட்டோ வண்டியின் சுவிட்சோ மின்சாரத்தை வண்டிச் சட்டத்துக்குத் திருப்பி நிறுத்துகிறது. ஒன்றில் அறுந்த கம்பி பொறியைக் கொல்லும்; மற்றொன்றில் எங்கோ உரசி ஒட்டிய கம்பி கொல்லும். எனவே மேக்னெட்டோவில் நிறுத்தும் சுவிட்சின் கம்பியைக் கழற்றிவிட்டு உதைப்பதே முதற் சோதனை. தள்ளினால் ஓடும், உதைத்தால் ஓடாது என்றால் காந்தம் வலுவிழந்திருக்கலாம். ஏனெனில் மேக்னெட்டோவின் மின்னழுத்தம் சுழலும் வேகத்தைப் பொறுத்தது.

மூன்றாம் வம்சம்

1957-இல் வெளிவந்த தைரிஸ்டர் என்னும் குறைகடத்திச் சாதனம், பின்னாளில் தொடுமுனைகளின் இடத்தைப் பிடித்தது. சி.டி.ஐ. முறையில் மின்தேக்கியே ஆற்றலைச் சேமித்து வைக்கிறது. தைரிஸ்டர் அதைக் குறித்த கணத்தில் காயிலுக்குள் பாய்ச்சுகிறது. ஃபிஸோ காலத்தில் உதவியாளாக வந்த மின்தேக்கி இங்கே தலைவனாயிற்று. தேய்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் பிசின் ஊற்றி மூடிய பெட்டியைத் திறந்து பழுது பார்க்கவும் இயலாது. வேறு பெட்டியை மாட்டிப் பார்ப்பதே பெரும்பாலும் சோதனையாகிவிட்டது.

2021-ஆம் ஆண்டு ஓசூரில் ஏத்தர் நிறுவனமும் போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின்சார ஸ்கூட்டர் ஆலைகளை இயக்கத் தொடங்கின. அவ்வண்டிகளில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை. எனினும் வழியைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதி நல்லது என்று உறுதி செய்து, எஞ்சியதை மீண்டும் பாதியாக்கும் முறை எந்த மின்சுற்றுக்கும் பொருந்தும். எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன் அதன் மீது ஐயம் கொள்ளக் காரணம் என்ன என்று கேட்டுப் பழகும் மாணவன், பழைய வண்டியிடம் ஒரு நல்ல பாடம் கற்றவனாவான்.