வெப்பத்தில் தவிக்கும் இனவிருத்தி முயல்கள்: முருங்கையும் இஞ்சியும் எவ்வளவு கைகொடுக்கும்?

முயலுக்கு ஏறக்குறைய வியர்ப்பதே இல்லை. உடல் சூட்டை அது பெரும்பாலும் காதுகள் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. வெப்பம் கூடும்போது காதுகளிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சூட்டைக் காற்றில் விடுகின்றன. வேகமாக மூச்சு விடுவது இன்னொரு வழி. சுற்றியுள்ள காற்றே சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் இரண்டு வழிகளாலும் பயன் குறைந்துவிடும்.

முயலுக்கு ஏற்ற வெப்பநிலை 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை. 30 டிகிரியைத் தாண்டினால் அது திணறத் தொடங்கும். 35 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் இருந்தால் உயிருக்கே ஆபத்து. தமிழ்நாட்டில் இனவிருத்தி முயல்களுக்குப் பெயர்பெற்ற மன்னவனூர் ஆராய்ச்சி மையம், கொடைக்கானல் மலையில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டலப் பிரிவான அங்கு, வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்கள் மலைக்குளிரில் வளர்க்கப்படுகின்றன. சிங்கப்பூரில் அத்தகைய மலைக்குளிர் கிடையாது.

சிங்கப்பூர் வெயிலின் அளவு

வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்றை எகிப்தின் மராய் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் முயல்களுக்காக வகுத்தனர். குறியீடு 27.8க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 28.9 வரை மிதமான பாதிப்பு, 30 வரை கடுமையான பாதிப்பு, அதற்கு மேல் மிகக் கடுமையான பாதிப்பு.

இங்கு 32 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு பிற்பகலுக்கு இந்தக் குறியீடு 30.4 ஆகிறது. 26 டிகிரியும் 90 விழுக்காடும் உள்ள பின்னிரவுக்கு 25.6தான். அதாவது, வீவக வீட்டின் பின்கட்டில் கூண்டு வைத்திருப்போர் முதலில் கவனிக்க வேண்டியது பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரையிலான நேரத்தை.

இனவிருத்தியில் நேரும் இழப்பு

வெப்பம் முதலில் ஆண் முயலைத்தான் தாக்குகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைகின்றன. ஒரு விந்தணு முழுமையாக உருவாக ஆறு, ஏழு வாரங்கள் ஆகும். அதனால் வெயில் தணிந்த பிறகும் இரண்டு மாதங்கள் வரை ஆண் முயல் மலடாக இருக்கக்கூடும். பெண் முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள். அதற்குள் கருக்கள் கலைவதும், ஈனும் குட்டிகள் எண்ணிக்கையிலும் எடையிலும் குறைவதும் உண்டு. சூட்டில் தாய் முயல் குறைவாகத் தின்பதால் பாலும் வற்றுகிறது.

தாவரங்கள் செய்யும் வேலை

உடல் சூடேறும்போது நிலையற்ற ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி உயிரணுக்களைச் சிதைக்கின்றன. விந்தணுவின் மேலுறையில் எளிதில் சிதையும் கொழுப்பு அதிகம் என்பதால் பாதிப்பும் அதிகம். இந்தச் சிதைவைத் தடுக்கும் பொருள்கள் பல தாவரங்களில் உள்ளன. எகிப்து, நைஜீரியா போன்ற வெப்ப நாடுகளில் முருங்கை இலை, இஞ்சி, மஞ்சள், கருஞ்சீரகம், வெந்தயம் முதலியவற்றை முயல் தீவனத்தில் சேர்த்து ஆராய்ந்துள்ளனர். விந்தணுத் தரம், தீவனம் தின்னும் அளவு, குட்டிகளின் வளர்ச்சி ஆகியவற்றில் முன்னேற்றம் கண்ட ஆய்வுகள் பல. வெந்தயம் தாய் முயலின் பால் சுரப்புக்காகவும் ஆராயப்பட்டது.

இவையெல்லாம் தேக்கா சந்தையில் கிடைப்பவைதான். ஆனால், ஆய்வுகளில் கொடுத்த முறை வேறு. இலையையோ கிழங்கையோ உலர்த்திப் பொடியாக்கி, அளந்து, தீவனக் குருணையில் கலந்தே கொடுத்தார்கள். இஞ்சி, மஞ்சள் போன்றவை ஒரு கிலோ தீவனத்துக்குச் சில கிராம் மட்டுமே. சமையலறையில் கைக்கு வந்த அளவை அள்ளிப் போடுவது அதற்கு ஈடாகாது.

காலக்கணக்கும் முக்கியம். இன்று கொடுக்கும் இலை, இனி உருவாகும் விந்தணுவுக்குத்தான் உதவும். ஏற்கெனவே கெட்டுப்போனதைச் சீராக்காது. டிசம்பர், ஜனவரி மாதங்களின் மழைக்குளிர்ச்சியில் இணைசேர்க்க நினைப்பவர், ஆண் முயலை அக்டோபரிலிருந்தே குளிர்ச்சியான இடத்தில் வைத்துத் தீவனத்தையும் கவனிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

முருங்கையில் இலை மட்டுமே தீவனம். அதன் வேரும் பட்டையும் கருத்தங்குவதைத் தடுக்கக்கூடியவை என்று எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இலையிலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. முயலின் உடல் மிஞ்சிய சுண்ணாம்பைச் சிறுநீர் வழியாகவே கழிப்பதால், அளவு மீறினால் சிறுநீர்ப்பையில் படிவு சேரலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆட்டுக்குப் போடும் சவுண்டல் எனப்படும் சூபாபுல் இலையில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அது முடி உதிரவும் இனவிருத்தி கெடவும் காரணமாகலாம். வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழ இலை ஆகியவை முயலுக்கு ஆகவே ஆகாது.

எந்தப் புதிய இலையையும் ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். அன்றாட உணவின் பெரும்பகுதி உலர்புல்லாகவே இருக்க வேண்டும். சினையாக இருக்கும் முயலுக்குக் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எந்த மூலிகைப் பொடியும் தரக்கூடாது.

முதலில் செய்ய வேண்டியவை

நிழல், காற்றோட்டம், எந்நேரமும் குளிர்ந்த குடிநீர் ஆகிய மூன்றும் இல்லாத கூண்டில் எந்த இலையும் பயன் தராது. மின்விசிறிக் காற்று கூண்டைச் சுற்றி ஓட வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டிப் புட்டியையோ ஈரமில்லாத பீங்கான் ஓட்டையோ கூண்டில் வைத்தால் முயல் அதன்மீது சாய்ந்துகொள்ளும். தீவனத்தை விடியற்காலையிலும் இரவிலும் வைப்பது நல்லது. இணைசேர்க்கவும் விடியற்காலையே ஏற்றது.

வீவக வீடுகளில் முயல் வளர்க்க அனுமதி உண்டு. ஆனால், குட்டிகளை விற்பனை செய்யும் தொழிலுக்கு உரிமம் தேவை. பிறக்கும் குட்டிகளுக்கு வீடு உறுதியாகாத நிலையில் கருத்தடை அறுவை சிகிச்சையே பொருத்தமானது. வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது சட்டப்படி குற்றம்.

முயல் தலையை உயர்த்தி வாயால் மூச்சு விட்டாலோ, எச்சில் ஒழுகினாலோ, எழ முடியாமல் கிடந்தாலோ அது வெப்பத்தாக்கத்தின் அறிகுறி. காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்துக்கொண்டே உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் அமுக்கினால் அதிர்ச்சியிலேயே இறந்துவிடலாம். 12 மணி நேரம் எதுவும் தின்னாத முயலுக்கும் அன்றே மருத்துவம் பார்க்க வேண்டும்.